பஸ் ஏன் ரவுண்டபவுட்டை நான்கு முறை சுற்றியது

ரெம்பியா,
செவ்வாய்க்கிழமை.

என் தாய்மாமா ஜோனாஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை அருளம்மாளின் மகள் பமேலா வணக்கத்தோடு எழுதுவது.

கடிதம் எழுதியதற்கே முதலில் என்னை மன்னிக்க வேண்டும். நீங்கள் கேட்டது கடிதம் அல்ல, அறிக்கை. "பஸ் எதுக்கு லேட்டாவுது, டிரைவர் அங்கமுத்துக்கு என்னா கோளாறு, ஒரு மாசம் ஏறிப் பாத்து ஒரே பேஜ்ல எழுதிக் குடு லா. நம்ம குடும்பத்துல நீதானே யூனிவர்சிட்டி போனவ" என்றீர்கள். மூன்று தடவை அறிக்கையாகவே ஆரம்பித்தேன். மூன்று தடவையும் 'பொருள்' என்று எழுதிக் கோடு போட்டதோடு கை நின்றுவிட்டது. கைப்பேசியில் அனுப்பலாம்தான். ஆனால் உங்கள் கைப்பேசியை அத்தைதான் முதலில் படிப்பார், அதற்கு அடுத்த நிமிடம் குடும்பக் குழுவில் இருக்கும் நாற்பத்திரண்டு பேரும் படிப்பார்கள், யாரோ ஒருவர் கைகூப்பிய படம் போடுவார். அதனால் காகிதம். இதை நாளை அப்பா சுங்கை ரம்பாய்க்குக் கொண்டு வருவார். ஒட்டிய உறையை அவர் பிரிக்க மாட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் ஆண்டவர் தயவில் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் இன்னும் ஆண்டவர் கவனத்துக்குப் போகவில்லை. அங்கே நீங்களும் அத்தையும் உங்கள் மூன்று பஸ்களும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

இனி விஷயம். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் ரெம்பியா பஸ் இந்த மாதம் ஒன்பது நாள் தாமதம், இன்னொரு நாள் தாமதமானால் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு என்று தொழிற்சாலை எழுதியிருக்கிறது. நீங்கள் பஸ்ஸில் ரகசியமாக மாட்டிய ஜி.பி.எஸ். கருவி, தொழிற்பேட்டை ரவுண்டபவுட்டில் பஸ் நான்கு முறை, சில நாள் ஆறு முறை சுற்றுவதைக் காட்டுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் காட்டிய படம் முறுக்குப் பிழிந்த மாதிரியே இருந்தது. போதாததற்கு, ஒருநாள் பஸ் பாதை மாறி அரசாங்கக் கிளினிக் வாசலில் நின்றிருக்கிறது. கேட்டால் அங்கமுத்து அங்கிள் டயர் பஞ்சர் என்கிறார். அவருக்குத் தலைச்சுற்றல் நோய், மறைக்கிறார், முப்பத்தொரு பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் ஆள் இவர் இல்லை, வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிடுகிறேன் என்றீர்கள். பத்தொன்பது வருடம் ஓட்டியவரை நிறுத்துவதற்கு என் எழுத்துதான் ஆதாரம் என்பதால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

முதல் நாளே என்னால் ஒரு தாமதம் ஆனது, அது பஸ்ஸின் தாமதம் அல்ல, என்னுடையது. நான் வேலை செய்யும் உடற்பயிற்சி நிலையத்துக்குப் போக, தொழிற்சாலைக்கு முந்திய சந்திப்பில் இறங்க வேண்டும். "நிப்பாட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை வழியில் சுங்கை பாருவிலேயே மனதுக்குள் சொல்லிப் பழக ஆரம்பித்தேன், சந்திப்பு வந்தது, போனது, வாய் திறக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் எல்லாரும் இறங்கினார்கள், நானும் இறங்கினேன், எல்லாரும் வரிசையாக நின்றார்கள், நானும் நின்றேன், பாட்டுப் போட்டுக் காலை உடற்பயிற்சி ஆரம்பித்தார்கள். படித்த படிப்பு அதுதானே மாமா, கை தானாகத் தூக்கிக்கொண்டது. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணைப் பார்த்துச் செய்யுங்கள் என்று மலாயில் சொல்லி என்னை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இருபது நிமிடம் ஒரு தொழிற்சாலைக்கே உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த பிறகுதான் நான் அங்கே வேலை செய்யவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வந்தது. அவர் நம்பவில்லை.

அன்றிலிருந்து பஸ்ஸில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. பின்சீட்டில் ஜானகி அக்கா என்று ஒருவர். பஸ்ஸின் சட்டதிட்டம் எல்லாம் அவர்தான். "யம்மா, நீ என்னா படிச்ச?" என்றார். விளையாட்டு அறிவியல் என்றேன். அவர் திரும்பி மொத்தப் பஸ்ஸுக்கும் விளக்கினார். "அறிவியல்னா சயன்ஸ். சயன்ஸ் படிச்சா டாக்டர்தானே. விளையாட்டா படிச்சே டாக்டராயிட்டா பாரு." இல்லை அக்கா என்று நான் சொன்னது டீசல் சத்தத்தில் போய்விட்டது. மறுநாள் ஏழு பேர் கிளினிக் அட்டையோடு ஏறினார்கள்.

தாமதத்துக்கு முதல் காரணம் நாடகம். டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் டிவியில் அங்கமுத்து அங்கிள் முந்திய நாள் தமிழ்த் தொடரைப் பதிவு செய்து கொண்டுவந்து போடுகிறார். அதில் ஒரு மாமியார் ஐந்து மாதமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடக்கிறார். அவர் பிழைப்பாரா என்ற கவலையில், எங்கள் பஸ்ஸில் மாத்திரை சாப்பிட மறந்தவர்கள் நான் எண்ணியவரை ஒன்பது பேர். என்ஜினை நிறுத்தினால் டிவியும் நின்றுவிடும், அப்படித்தான் ஒயர் போட்டிருக்கிறது. தொழிற்சாலை வாசலில் என்ஜின் ஓட நிற்கக் காவலாளி விடமாட்டார். ஆகவே கதை முடியாமல் பஸ் வாசலுக்கு வந்துவிட்டால், ஒரே வழி ரவுண்டபவுட். "அண்ணே, இன்னொரு ரவுண்டு போங்கண்ணே, அந்தம்மா வெரல அசைக்குது" என்பார் ஜானகி அக்கா. "வெரல அசைச்சது போன வாரம். இன்னைக்கிக் கண்ணு" என்று அங்கிள் கண்ணாடியில் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடிப்பார். ஆக மாமா, அவருக்குத் தலை சுற்றவில்லை. பஸ்தான் சுற்றுகிறது.

இரண்டாவது காரணம் விளையாட்டு. ரோகினி அக்கா, அவர் முன்சீட்டு, அலோர் காஜா மாவட்ட வலைப்பந்துப் போட்டிக்கு நம் பஸ்ஸின் பெயரில் ஓர் அணியைப் பதிந்துவிட்டு, பயிற்சியாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். "நீ ஒண்ணும் பேச வேணாம், சும்மா விசில் மட்டும் ஊது" என்றார். பயிற்சி செய்ய நேரம் யாருக்கும் இல்லை, எல்லாரும் ஓவர்டைம். ஆனால் வலைப்பந்தில் பந்தைக் கையில் பிடித்தவர் நடக்கக் கூடாது என்பது விதி. நின்ற இடத்திலிருந்து அடுத்தவருக்கு எறிய வேண்டும். இது பஸ் சீட்டுக்கென்றே செய்த விளையாட்டு மாதிரி இருப்பதை நான் ஒருநாள் மெதுவாகச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளிலிருந்து பந்து பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கும் முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கும் பறக்கிறது. இரண்டு முறை அங்கிள் தலையில் பட்டது. "அடுத்தவாட்டி பட்டா நான் கோல் போட்டுருவேன்" என்றார், அவ்வளவுதான், வண்டி ஒரு அங்குலம் விலகவில்லை. அவர் கண்ணும் கையும் அப்படி. முதல் ஆட்டத்தில் நாங்கள் மூன்றுக்குப் பத்தொன்பது என்று தோற்றோம். திடலில் சீட் இல்லாததால் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்று ரோகினி அக்கா அழுதார்.

மூன்றாவது காரணம் சாலை. ரெம்பியாவிலிருந்து வரும் வழியில் போன மழைக்குப் பிறகு விழுந்த குழிகள் அப்படியே இருக்கின்றன. அங்கிள் குழிக்குக் குழி வேகத்தைக் குறைக்கிறார், ஏனென்றால் மாதமாயிருக்கும் ஒருவர் மூன்றாவது சீட்டில் இருக்கிறார். இதையும் குறையாக எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

இவைதான் நான் கண்ட காரணங்கள். டிவியைக் கழற்றிவிடலாம், பந்தைப் பிடுங்கி வைக்கலாம், கிளம்பும் நேரத்தை முன்தள்ளலாம். டிரைவரைப் பற்றி எனக்குச் சொல்லக் குறை ஒன்றும் இல்லை.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கால்படும் படிகளையும் உங்கள் பஸ் தொடும் சாலைகளையும் ஆண்டவர் காக்கட்டும். அம்மா உங்களை விசாரித்தார், கருவாட்டுப் பொட்டலம் வந்து சேர்ந்ததா என்றும் விசாரித்தார், இரண்டில் எதை முதலில் எழுதச் சொன்னார் என்று நான் எழுதவில்லை.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
பமேலா ஜார்ஜ்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதை வைத்து நீங்கள் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். நான் ஏறுவதற்கு முன் நாடகத்துக்கு ஒரு சுற்றுதான்; அதை நான்கும் ஆறும் ஆக்கியது நாடகம் அல்ல, நான்.

எங்கள் நிலையத்தில் பழைய இரத்த அழுத்தக் கருவியைத் தூக்கிப் போட இருந்தார்கள், கேட்டு வாங்கிக்கொண்டேன். கிளினிக் அட்டையோடு வந்தவர்களுக்கு வேறென்ன செய்வது, வெறும் அட்டையைப் படித்துத் தலையாட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அழுத்தம் பார்க்கும்போது பேசக் கூடாது. நம் பஸ்ஸில் யாரும் பேசாத நேரம் நாடக நேரம் ஒன்றுதான். ஆடினால் கருவி எண் காட்டாது. ரெம்பியாவிலிருந்து வரும் வழியெல்லாம் குழி. புதிதாகத் தார் போட்ட இடம் அந்த ரவுண்டபவுட் மட்டும்தான். ஓடும் வண்டியில் எடுப்பது பாடப்புத்தகத்துக்கு ஒத்து வராது, தெரியும். எண் பயமுறுத்தினால் கிளினிக்குக்குப் போகச் சொல்வதற்குத்தான். ஒரு சுற்றுக்கு ஒருவர், மெதுவாகப் போனால் இரண்டு பேர். "எத்தனை கை பாக்கி?" என்று அங்கிள் கேட்பார். நான் விரலைக் காட்டுவேன். அந்த முறுக்குக்கு மாவு பிசைந்தவள் நான், அவர் பிழிந்தார்.

கிளினிக் விஷயமும் அதுதான். அன்றைக்கு ஜானகி அக்காவின் கையில் கட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு காட்டியது. ஆட்டமாக இருக்கும் என்று இன்னொரு சுற்றுப் போகச் சொன்னேன். இருநூறு. "மிசின் கெட்டுப்போச்சு லா, தூக்கிப் போடு" என்று அக்கா சிரித்தார், சிரித்துக்கொண்டே, பின்மண்டை மூன்று நாளாக வலிக்கிறது, வேலை நேரமும் கிளினிக் நேரமும் ஒன்றாக இருந்தால் எப்போது போவது என்றார். நான் கண்ணாடியில் அங்கிளைப் பார்த்தேன். அவர் டிவியை அணைத்தார். மாமியார் கண் திறக்கிற இடம், முப்பது பேரில் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. பஸ் நேராகக் கிளினிக்குக்குப் போனது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார், நான்தான் மகள் என்று நினைத்துவிட்டார். தொழிற்சாலைக்குத் தெரிந்தால் லைனிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று அக்கா பயந்ததால் அங்கிள் பஞ்சர் என்று சொன்னார். உங்களிடம் மட்டும் சொல்லலாம் என்று அக்காவிடம் நேற்று அனுமதி வாங்கிவிட்டேன்.

இனி தாமதம் வராது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கிளம்பிய பிறகு முப்பத்தொரு வீட்டுக் கதவையும் தட்டினேன், நானே. நாளையிலிருந்து எல்லாரும் இருபது நிமிடம் முன்னால் வந்து நிற்கச் சம்மதித்துவிட்டார்கள், பஸ் கிளம்புவதற்கு முன்பே அன்றைக்குப் பாக்கியுள்ள கைகளைப் பார்த்து முடித்துவிடுவேன். ஜானகி அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான், ஸ்டியரிங்கில் அங்கமுத்து அண்ணன் இருக்க வேண்டும்.

இதுவரை எழுதியதெல்லாம் அங்கிளுக்காக. இனி எழுதுவது எனக்காக, இதைக் கேட்கத்தான் முதல் வரியிலிருந்தே தயங்கிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு எங்கள் வீட்டு மூன்று படி ஏறுவதற்குள் நீங்கள் கைப்பிடியைப் பிடித்து நின்றீர்கள், செருப்பு வார் வீங்கிய பாதத்தில் பதிந்து குழியாகியிருந்தது, கேட்கலாம் என்று வாய் திறந்தேன், அதற்குள் ஜி.பி.எஸ். படத்தைக் காட்ட ஆரம்பித்துவிட்டீர்கள். டாக்டரிடம் போங்கள் என்றால் நீங்கள் போக மாட்டீர்கள் என்று அத்தை சொல்கிறார். உங்கள் சொந்த பஸ்ஸில் ஏறலாம் அல்லவா. நாளை அப்பாவோடு கிளம்பி வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள். வியாழன் காலை ஐந்து நாற்பதுக்கு முன்சீட்டை ரோகினி அக்கா உங்களுக்காகப் பிடித்து வைப்பார். அங்கிளை நிறுத்துவதா வேண்டாமா என்பதை இறங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் எப்போதும் முழுக்கைச் சட்டைதான் போடுவீர்கள் மாமா. அன்றைக்கு மட்டும் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.