அடுத்தவர் விரலுக்கு அளவெடுப்பவர்

கேமரன் மலைக் குளிரில் தேயிலை வளரும், முட்டைக்கோஸ் வளரும், ஸ்ட்ராபெரி வளரும். எல்லாவற்றுக்கும் உரம் போட வேண்டும், மருந்தடிக்க வேண்டும். எதுவும் போடாமலே செழிக்கும் இன்னோர் இனமும் இங்கே உண்டு. அடுத்தவர் கையில் அடிபட்டால் அதற்கு எந்தக் கட்டு, எந்த பெல்ட் பொருந்தும் என்று பார்த்தவுடனே சொல்லிவிடும் இனம். வைத்தியர் என்று நினைத்துவிடாதீர்கள். வைத்தியர் எங்கே வலிக்கிறது என்று கேட்பார். இவருக்கு அதெல்லாம் தேவைப்படாது.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் விரலில் ஒரு துண்டுத் துணி சுற்றியிருந்தால் போதும். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் நீங்கள் அவித்த சோளத்துக்கு வரிசையில் நிற்பீர்கள், பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து, உங்கள் விரலைத் தூக்கி, கடை விளக்குக்கு நேரே பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, நீங்கள் "ஐயோ" என்று அலறிய இடத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே இன்னொரு முறை அழுத்தி, "யாரு போட்ட கட்டு இது?" என்று கேட்கும். திருடனிடம் போலீஸ்காரர் கேட்கிற குரல். ஆஸ்பத்திரியில் போட்டது என்றால், "அவுங்க எல்லாருக்கும் ஒரே கட்டுத்தான் லா" என்பார். மனைவி போட்டது என்றால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். நானே போட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் சோளம் வாங்கின மாதிரிதான்.

இந்த இனத்தார் வீட்டில் கட்டாயம் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதில் பிஸ்கட் இருக்காது. கழுத்துப்பட்டை, முழங்கால் பெல்ட், மணிக்கட்டு பெல்ட், ஒட்டும் தன்மை போன ஒட்டுப்பட்டிகள், யாரோ ஒருவர் இரண்டு நாள் போட்டுவிட்டுக் கழற்றி எறிந்த இடுப்பு பெல்ட் எல்லாம் மருந்தெண்ணெய் வாசனையோடு உறங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. கேட்காதீர்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இந்தப் பதவியை வகிப்பவர் வேலப்பன். கியா பார்மில் காய்கறி ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகும் வேன் அவருடையது. தங்கமான மனிதர். கஷ்டமே அதில்தான். கெட்ட மனிதராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம். பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் அவர் வேன் வரும், கியாஸ் தீர்ந்தால் அவர் வேன் வரும். அப்படிப்பட்டவர் உங்கள் கட்டைவிரலைப் பிடித்துத் திருகினால் வாய் திறந்து என்ன சொல்ல முடியும்?

எங்கள் லயத்து நவமணியும் அப்படித்தான் வாய் திறக்காமல் மாட்டிக்கொண்டாள். கொழுந்து வெட்டும் மிஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சரிவில் நடக்கிற வேலை அவளுக்கும் குமுதாவுக்கும். மழை பெய்து ஊறிய மண்ணில் நவமணி சறுக்கினாள். மிஷினின் பிடி அவளுடைய வலது கட்டைவிரலைப் பின்பக்கமாக வளைத்துவிட்டது. வேலப்பன்தான் முட்டைக்கோஸைப் பாதி இறக்கி வைத்துவிட்டு அவளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் இளக்கி, அவள் கைமேலேயே வைத்து, அவள் விரலின் வடிவத்துக்கே கட்டு வார்த்துக் கொடுத்தார்கள்.

"எலும்பு நல்லா இருக்கு. உள்ள இருக்கிற நார்தான் கிழிஞ்சிருக்கு," என்றார் டாக்டர். "அசையாம வச்சிருந்தா தானா ஒட்டிக்கும். ஆட்டினீங்கன்னா ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்குத்தான் அனுப்பணும். நான் சொல்ற வரைக்கும் கழட்டாதீங்க."

ஆபரேஷன் என்றதும் நவமணி தன் கட்டைவிரலையே பார்த்தாள். கட்டைவிரல் இல்லாமல் மிஷினைப் பிடிக்க முடியாது, கத்திரியைப் பிடிக்க முடியாது. சப்பாத்தி மாவு பிசையக்கூட முடியாது. சிரித்துப் பேசுகிறவள்தான், அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

வேலப்பன் அந்த மௌனத்தைத் தமக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டார். சாயங்காலம் மைலோ டின்னோடு வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, வெள்ளைக் கட்டைத் தட்டிப் பார்த்தார்.

"நான் டாக்டர் இல்ல தங்கச்சி. ஆனா..."

இந்த 'ஆனா' இருக்கிறதே, இதற்குப் பிறகு பேசுகிறவர் முழு டாக்டர்.

"...இவ்ளோ கெட்டியா இருந்தா ரத்தம் எப்படி ஓடும்? விரல் செத்துப் போயிடும். கம்பி வச்ச பெல்ட் இருக்கு, சாஃப்டா இருக்கும். நான் நாளைக்கு டவுன்ல பாத்து எடுத்தாறேன்."

"டாக்டர் கழட்ட வேணாம்னு சொன்னாங்கண்ணே."

"டாக்டரா வந்து ராத்திரி உன் கைய பாக்கப் போறாரு?"

நவமணியின் புருஷன் மகேன் தலையை ஆட்டினான். "அண்ணன் சொல்றதும் சரிதானே." மகேன் எல்லாருக்கும் இதைத்தான் சொல்வான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் சொன்னான்.

மறுநாள் மருந்துக் கடையில் நடந்ததை அங்கே வேலை செய்யும் தாஹிராவே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

"யாருக்கு அங்கிள்? அவங்க வரலியா?"

"அவ எதுக்கு? நான் பாத்தேன்ல."

"எந்தக் கை? கை அளவு என்ன?"

வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த நவமணியை மனதில் கொண்டுவந்தார். அடிபட்ட கை அவருடைய இடது பக்கம் தெரிந்தது. "இடது," என்றார், துளி சந்தேகமில்லாமல். அளவுக்குத் தம்முடைய கையை நுழைத்துப் பார்த்தார். சிறியது இறுக்கியது, பெரியது தொளதொளத்தது, நடுத்தரம் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நவமணிக்கு வாங்கிவிட்டார்.

பெல்ட் நேரே நவமணியிடம் போய்ச் சேர்ந்தது என்றா நினைக்கிறீர்கள்? எங்கள் லயத்தில் புதுப் பொருள் எதுவும் உரியவரிடம் நேரே போகாது. முதல் வீட்டில் வடிவம்மாள் போட்டுப் பார்த்தாள். போட்ட பிறகுதான் தனக்கும் பல வருஷமாகக் கட்டைவிரல் வலிப்பது அவளுக்குத் தெரிந்தது. இரண்டாவது வீட்டில் அவள் தம்பி. அதற்கடுத்து இருளப்பன், தனக்கு வலி காலில்தான் என்று சொல்லி, கால் பெருவிரலில் மாட்டிப் பார்த்தார். ஒவ்வொருவரும் கையை மடக்கி, நீட்டி, "நல்லாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். நவமணிக்கு வந்தபோது பெல்ட் வெதுவெதுப்பாக இருந்தது.

வேலப்பன் தம் கையாலேயே ஆஸ்பத்திரிக் கட்டைக் கழற்றி, இடது கை பெல்ட்டை அவளுடைய வலது கையில் ஏற்றினார். கம்பி உள்ளங்கைப் பக்கம் வந்து குத்தியது. விரல் எந்தப் பக்கம் வளைந்து நார் கிழிந்ததோ, மறுபடியும் அந்தப் பக்கமே போனது.

"அண்ணே, வலிக்குது."

"முதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிடும் லா."

பழகவில்லை. வீங்கியது. அடுத்த முறை டாக்டர் பார்த்தபோது அவர் முகம் மாறிவிட்டது. "யார் கழட்டச் சொன்னது? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஈப்போதான். அப்புறம் என்கிட்ட அழாதீங்க," என்றார். நவமணி வேலப்பனின் பெயரைச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வேலப்பனின் வேன்தான் நின்றிருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு? பெல்ட்ட பாத்து அசந்துட்டாரா?"

"அசந்துதான் போனாருண்ணே," என்றாள் நவமணி.

அன்று சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்தாள். வலது கையில் ஆஸ்பத்திரிக் கட்டை மறுபடியும் இறுக்கிப் போட்டுக்கொண்டாள். அதன்மேல் மகேனுடைய பெரிய சுவெட்டரை மாட்டி, கையை முழுதாக உள்ளே இழுத்துக்கொண்டாள். மலையில் யார் கையும் சுவெட்டருக்குள்தான் இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். வேலப்பன் வாங்கி வந்த பெல்ட்டை நல்லதாக இருந்த இடது கையில் போட்டுக்கொண்டாள். இடது கை பெல்ட் இடது கையில் கம்பி குத்தாமல் உட்கார்ந்தது.

வேலப்பன் வந்தார். எதிரே உட்கார்ந்தார். எந்தக் கை என்று பார்க்காமல், பெல்ட் போட்ட கையைப் பிடித்தார்.

"வீக்கம் வத்திடுச்சே! இங்க வலிக்குதா?"

"இல்லண்ணே."

"இங்க? நல்லா அழுத்துறேன் பாரு."

"கொஞ்சங்கூட இல்லண்ணே."

"ஆட்டு பாப்போம்."

நவமணி கட்டைவிரலை மேலும் கீழும் ஆட்டினாள், வட்டமாகச் சுழற்றிக் காட்டினாள். வேலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா மகேன்! ஒரே நாள்ல! ஆபரேஷனாம், ஈப்போவாம்!"

"அண்ணே, ஆனா அது வந்து..." என்று மகேன் வாய் திறந்தான். நவமணி ஒரு பார்வை பார்த்தாள். "...அண்ணன் சொல்றது சரிதானே," என்று முடித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

அதன் பிறகு வேலப்பன் தினமும் வந்து நல்ல விரலைச் சோதித்தார். தினமும் அது நன்றாக இருந்தது. சந்தையில், கோயிலில், தேநீர்க் கடையில் அந்த விரலின் புகழ் பரவியது. நவமணியையே கூட்டிவந்து நிறுத்தி, "ஆட்டிக் காட்டு தங்கச்சி" என்பார். அவளும் ஆட்டிக் காட்டுவாள். கூட நின்ற குமுதா சிரிப்பை அடக்க முடியாமல் இருமுவாள். அடிபட்ட விரலோ, யாரும் பார்க்காத, யாரும் தொடாத சுவெட்டருக்குள், நிம்மதியாக, அசையாமல் இருந்து ஒட்டிக்கொண்டது. கட்டைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்று நவமணி ஆஸ்பத்திரியிலேயே அழுதுவிட்டாள். இப்போது அவளும் குமுதாவும் மறுபடியும் மிஷினோடு சரிவில் நடக்கிறார்கள். "நான் பாத்து வாங்கிக் கொடுத்த பெல்ட்டு," என்று வேலப்பன் வேனை நிறுத்தி எல்லாருக்கும் காட்டுகிறார். காட்டட்டும். பாவம், விரல் குணமாக வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் யார்?

நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை. எனக்குத் தெரியும். அடுத்தவர் வலியில் மூக்கை நுழைக்காத பண்பாளர். அந்தத் தைரியத்தில்தான் ஒன்றைச் சொல்கிறேன்: நேற்று என் மோதிரவிரல் கார்க் கதவில் நசுங்கிவிட்டது. பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுப்பட்டி போட்டுவிட்டிருக்கிறார்கள். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

என்ன, உதடு அசைகிறதே? சேர்த்து ஒட்டக்கூடாது என்கிறீர்களா? உங்கள் மச்சானுக்கும் இதேதான் ஆனதா? அவர் போட்ட பெல்ட் இன்னும் வீட்டில் இருக்கிறதா? தாராளமாக எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்தக் கையை நீட்ட வேண்டும் என்று நவமணி எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.