சந்தனம் பூசிய பிரேக்

மைத்துனர் ரெங்கசாமி அவர்களுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். கிள்ளானில் அனைவரும் நலமென்று நம்புகிறேன். உங்கள் முழங்கையும் ஆறியிருக்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவிவிடுவீர்கள் என்பதால்தான் தபால்தலை ஒட்டுகிறேன்.

என் மகள் தாமரை, விழுந்துவிடுவோம் என்று பயந்தே ஒன்பது வயதுவரை சைக்கிள் பக்கம் போகாதவள். அந்தப் பயத்தைப் போக்கத்தான் மாதக்கணக்கில் விசாரித்து, சாலாக் செலாத்தான் பக்கத்துக் கடை ஒன்றில் அலுமினியச் சட்டமும் டிஸ்க் பிரேக்கும் உள்ள உருப்படியான சைக்கிளாக வாங்கினேன். "பிரேக்கைத் தொட்டா நிக்கும்மா" என்று அவளுக்குச் சத்தியமே செய்தேன். சக்கர நடுவிலுள்ள அந்த டிஸ்க் தகட்டில் எண்ணெய் மட்டும் படக்கூடாது, பட்டால் பிரேக் பிடிக்காது என்று கடைக்காரர் எச்சரித்தார். அவருக்கு உங்களைத் தெரியாது.

"பூசை போடாம வண்டிய எடுக்கலாமா மச்சான்?" என்று கிள்ளான் பண்டமாரானிலிருந்து பாய்ந்து வந்தீர்கள். பிரிக்பீல்ட்ஸ் கோயில் வாசலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தீர்கள், பொறுத்தேன். விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றிய கையைத் துடைக்காமலே சந்தனத்தைக் குழைத்து, சைக்கிளுக்கு நெற்றி எது என்று தேடி, வட்டமாக இருக்கிறதே என்று டிஸ்கிலேயே அப்பினீர்கள். அங்கே வேண்டாம் என்றேன். "சாமி விஷயம்லா, சும்மா இருங்க!" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? "புள்ளைக்கு முன்ன நான் ஓட்டிப் பாக்குறேன். லோரியே ஓட்டுறவன், இது என்னா?" என்று அந்தப் பெருத்த உடம்போடு ஏறிச் சரிவில் இறங்கினீர்கள். பிரேக் கீச்சென்று கத்தியதே தவிர நிற்கவில்லை. எதிரே பூக்கடை. கடைக்கார லோகேஸ்வரி அக்கா, "ஐயோ அண்ணே, பெல்ல அடிங்க!" என்று அலற, நீங்கள் பெல்லை அடித்துக்கொண்டே உள்ளே போய் விழுந்து, சிராய்த்த முழங்கையும் கழுத்தில் இரண்டு கல்யாண மாலையுமாக வெளியே வந்தீர்கள். "மாப்பிள்ளை வந்தாச்சு, பொண்ணு எங்க?" என்றார் அந்த அக்கா. நீங்களும் வெட்கமில்லாமல் சிரித்தீர்கள்.

நீங்கள் பூக்கடைக்குள் பாய்ந்தபோதே தாமரை கண்ணைப் பொத்திக்கொண்டாள். அப்படியே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். இப்போது சைக்கிளில் துண்டு காய்கிறது. "மாமாவே விழுந்துட்டாருப்பா" என்கிறாள். என் சத்தியத்துக்கு இருந்த மரியாதை போயிற்று. உங்களுக்கு இது புதிதா? உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வந்த அத்தனை பேருக்கும் என்னை "அக்கா வீட்டுக்காரர்" என்றே அறிமுகம் செய்தீர்கள். எனக்கும் ஒரு பெயர் உண்டு. இனி என் வாசலை மிதிக்க வேண்டாம்.

தங்கள் குடும்பத்தாரும் முழங்கையும் நீடூழி வாழ்க.

பி.கு.: இதைத் தாமரை என் தோள்வழியே எட்டிப் படித்துவிட்டாள். மாலை வரும் இடத்தில் விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள்.

"மாமா அழலையாப்பா?"

"இல்லம்மா, சிரிச்சாரு."

"நீங்க ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் பிடிச்சா ஏறுறேன்."

ஆகவே ஞாயிறு காலை வந்து சேரவும். பிரேக் கட்டைகளை மாற்றிவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வரவும். நான் அழைத்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிய வேண்டாம். அக்கா வீட்டுக்காரருக்குக் கையெழுத்து எதற்கு? இப்படியே தபாலில் போட்டுவிடுகிறேன்.