வண்டி போனாலும் நம்பர் போகாது

"வண்டியை விப்பேன். நம்பரை மட்டும் விக்க மாட்டேன்!"

சாயல்குடி பஜாரில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் நாகநாதன் இப்படி ஒரு சபதம் போட்டார். சுற்றி இருந்தவர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். அவர் காசில் டீ குடிக்கிறவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

அவர் வயிற்றெரிச்சல் அவருக்கு. அந்த வட்டாரத்தில் பஸ்ஸுக்குள் நின்று "நாகநாதா" என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மில் நாகநாதன், சைக்கிள் கடை நாகநாதன், பல்லு நாகநாதன் என்று ஆளுக்கொரு அடையாளம் உண்டு. நம்மவருக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை. கல்யாணமான புதிதில் "பூமயில் வீட்டுக்காரர்" என்றார்கள். மனுசனுக்கு அது பொறுக்கவே இல்லை. பிறகு மோட்டார் சைக்கிள் வாங்கினார். நம்பர் 7117. முன்னால் இருந்து படித்தாலும் பின்னால் இருந்து படித்தாலும் அதேதான். கொஞ்ச நாளிலேயே அவர் "எழுபத்தொண்ணு பதினேழு நாகநாதன்" ஆகிவிட்டார். ஊரில் ஒருவர் தன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் மேலேயே அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். அதை அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

பூமயிலுக்கு இந்தப் பெருமையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவளுக்கு இருந்தது குண்டு மிளகாய்க் கவலை. காயப்போட்டு, தரம் பிரித்து, சாக்கில் கட்டி வைத்தால் மண்டிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை. வீட்டில் நிற்கும் வண்டியில் மிளகாய் மூட்டை ஏறக் கூடாது. சீட்டு கறையாகுமாம். நெடி ஏறுமாம். மரியாதை போய்விடுமாம்.

"அதுக்கு பெட்ரோல் ஊத்துறது என் மிளகா. அது மேல என் மிளகா ஏறக் கூடாதாக்கும்?"

"ஏ புள்ள, அது என்ன மாட்டு வண்டியா?"

"மாட்டு வண்டின்னா மூட்டையாச்சும் ஏத்தும். இது ஒங்களை மட்டும்ல ஏத்துது. வித்துட்டு ஒரு மொபெட்டு வாங்குவோம்."

பேச்சோடு நிற்கவில்லை. ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வாலிநோக்கத்து ஹமீது சுல்தான், சவுதியில் இருந்து வந்து ஊரோடு தங்கிவிட்டவர். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! புதுசு மாதிரியில்ல வச்சிருக்கீக!"

விலை பேசி முடிந்தது. நாகநாதன் உள்ளே போய் ஒரு ஸ்பேனரோடு வந்தார். வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"என்னண்ணே கழட்டுறீக?" ஹமீது சுல்தான் பதறிப்போனார்.

"நம்பர் பிளேட்டு. அது வீட்டோட இருக்கணும் தம்பி."

"அது வண்டியோட வர்றதுல்ல?"

"மாடு விக்கிறப்பக் கயித்தையும் சேத்தா குடுக்கோம்? கயித்த உருவிக்கிட்டு மாட்டை மட்டுந்தான் குடுப்போம். வாங்குறவன் புதுக் கயிறு கொண்டாருவான். அதுதான் மொறை. கயித்தோட குடுத்தா வீட்டு லட்சுமி அதைப் புடிச்சுக்கிட்டே பின்னாடி போயிருவா."

ஹமீது சுல்தான் கடற்கரையில் வளர்ந்தவர். மாட்டுச் சாஸ்திரம் அவருக்கு என்ன தெரியும்? பாவம், பூமயிலைப் பார்த்தார்.

"ஏங்க, கயிறு நாம கடையில வாங்குனது. நம்பரு கவருமெண்டு அந்த வண்டிக்குக் குடுத்தது. வண்டி எங்கிட்டுப் போனாலும் அதுவும் கூடவே போகும். ஒங்களுக்கா குடுத்தாக?"

"கேட்டா தம்பிக்குப் புது நம்பர் குடுக்கப் போறான். அவன்கிட்ட நம்பருக்கா பஞ்சம்?"

"அப்ப சரி," என்றாள் பூமயில்.

பூமயில் சண்டை போட்டால் பயமில்லை. இரண்டு நாள் ரசத்தில் உப்பு இருக்காது, அவ்வளவுதான். அவள் "சரி" என்று சொல்லும்போதுதான் ஆம்பளை உசாராக வேண்டும். நாகநாதன் எங்கே உசாரானார்? பின்னால் இருந்த பிளேட்டில் திருகாணி துருப்பிடித்திருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பூமயில் ஆர்சி புக்கை எடுத்துக்கொண்டு போய் ஹமீது சுல்தானிடம் கொடுத்து, தெருமுனையில் நிறுத்தி ஏதோ சொன்னாள். தகரம் இரண்டும் கழன்றதும் அவர் சிரித்துக்கொண்டே வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறு வாரமே மொபெட் வந்தது. வாங்கினது பூமயில் பேரில். நாகநாதனுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வத்தலும் தொத்தலுமாக, பிளேட்டில் நம்பர்கூட எழுதாமல் நின்றது. ஓரக்கண்ணால் அடுப்படியைப் பார்த்தார். ஆளைக் காணோம். பழைய தகரம் இரண்டையும் எடுத்து வந்து முன்னும் பின்னும் மாட்டிவிட்டார். நிமிர்ந்தால் பூமயில் நிற்கிறாள்!

அவர் சண்டைக்குத் தொண்டையைச் செருமினார்.

"எடுப்பாத்தான் இருக்கு," என்றாள் அவள். "இப்ப இதுதான் எழுபத்தொண்ணு பதினேழா?"

"பின்ன?"

"அப்ப நீங்கதான் ஓட்டணும். வேற யாரு ஓட்டுனாலும் அதுக்கு மருவாதி இல்ல. மூட்டை கட்டி வச்சிருக்கேன், மண்டியில போட்டுட்டு வாங்க."

அடடா, இந்த ஒரு வார்த்தைக்காக அவர் எத்தனை வருசம் காத்திருந்தார்! நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. காலுக்கு நடுவில் ஒரு மூட்டை, முதுகுக்குப் பின்னால் ஒரு மூட்டை. கண் எரிந்தது. மூக்கு ஒழுகியது. அவர் போட்ட தும்மலில் வழியில் இருந்த ஆட்டுக்குட்டியெல்லாம் மிரண்டது. இருந்தாலும் பஜாரில் நுழைந்ததும், "என்ன எழுபத்தொண்ணு பதினேழு, விளைச்சல் எப்படி?" என்று யாராவது கேட்பார்கள். அதற்கு ஒரு தும்மலைப் பதிலாகப் போட்டுவிட்டு, அவர் மகாராசா மாதிரி போவார். வேலைக்குக் கூப்பிட்டால் வர மாட்டார், கூலி கொடுத்தாலும் செய்ய மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுசன் அந்தப் பருவம் முழுக்க முகம் சுளிக்காமல் மூட்டை அடித்தார்.

கடைசி மூட்டையையும் மண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பிய அன்று செக்போஸ்ட்டில் ஏட்டு முத்தழகு கையைக் காட்டினார்.

நாகநாதன் இறங்கினார். பார்த்தால், அங்கே புளியமரத்தடியில் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதில் புதுப் பெயின்டில் 7117. பக்கத்தில் ஹமீது சுல்தான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார், முகத்தை நிமிர்த்தவில்லை.

"ரெண்டு வண்டி, ஒரு நம்பர். எதுய்யா நெசம்?" என்றார் ஏட்டு.

"இதுதான் ஐயா. ஒரிஜினல் தகரமே எங்கிட்டத்தான இருக்கு!"

"தகரம் பழைய இரும்புக் கடையிலயும் கிடைக்கும். புக்கு எங்க?"

"புக்கு... தம்பிகிட்ட."

"அப்ப நம்பரு தம்பியோடது. வேற வண்டி நம்பரை மாட்டிக்கிட்டு ஓட்டுனா திருட்டு வண்டிக் கணக்குத் தெரியுமா? உள்ள வாய்யா."

நாகநாதன் உண்மையாகவே பயந்துவிட்டார். ஊர் முழுக்க ஒரு பேர் சம்பாதித்து, கடைசியில் வண்டித் திருடன் என்றா அது முடிய வேண்டும்?

"பேரு?"

"நாகநாதன்."

"எந்த நாகநாதன்?"

வாய்ப் பழக்கம், "எழு..." என்று ஆரம்பித்துவிட்டது. ஏட்டு பேனாவை நிறுத்தி முறைத்தார்.

"பூமயில் வீட்டுக்காரர்," என்றார் நாகநாதன்.

இன்னும் வீட்டுக்கு ஆள்கூட அனுப்பவில்லை. அதற்குள் மினி பஸ்ஸில் இருந்து பூமயில் இறங்கி வருகிறாள். கையில் பை. பைக்குள் மொபெட்டின் ஆர்சி புக், அதன் சொந்த நம்பர் எழுதிய பிளேட்டுகள், ஸ்பேனர்.

"தெரியாமப் பண்ணிட்டாக சார். பழைய தகரத்த ஹமீது தம்பிகிட்டயே குடுத்துருவாக. கேசு வேண்டாம், எழுதி வாங்கிக்கிட்டு விட்டுருங்க."

நாகநாதன் எழுதிக் கொடுத்தார். குத்தவைத்து உட்கார்ந்து, தன் கையாலேயே தன் நம்பரைக் கழற்றினார். கண் கலங்கியது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம். பூமயில் புது பிளேட்டை மாட்டச் சொல்லி, பார்த்து, மொபெட்டை ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பியும்விட்டாள்.

"பஸ்ல வந்துருங்க!"

அவருக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஏட்டிடம் கேட்டேவிட்டார்.

"பருவம் முழுக்க இந்த வழியாத்தான ஐயா போறேன், வாரேன். இன்னைக்குத்தான் ஒங்க கண்ணுல பட்டுச்சா?"

"போன மாசமே அந்தம்மா வந்து சொல்லிட்டாங்க," என்றார் ஏட்டு. "'கடைசி மூட்டை இறங்கட்டும் சார், அப்புறம் புடிங்க'ன்னாங்க."