ஸ்லாட்டக்கா எனக்கு நடத்திய எட்டு விசேஷங்கள்

மும்பையில் மாஹிம் முதல் மான்குர்த் வரை தேடினாலும் ஸ்லாட்டக்காவைவிட அநியாயக்காரர் ஒருவரைக் காட்ட முடியாது. இதை எந்தச் சபையிலும் நிரூபிக்க நான் தயார். சபை கூடுவதற்கான அரங்கை மட்டும் அவரிடம்தான் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும்; அந்த இடத்தில் என் வழக்கு நின்றுபோகும்.

தாராவியில் நான் படித்த தமிழ்ப் பள்ளியில் அவர் ஆயாவாக இருந்தார். மணியடிப்பது அவர் வேலை. தலைமையாசிரியரின் கைக்கடிகாரமே அவருடைய மணியைக் கேட்டுத்தான் திருத்தப்படும். நான் கல்லூரிக்குப் போன பிறகு, விடுமுறை நாள்களில் அரங்கையும் வகுப்பறைகளையும் விசேஷங்களுக்கு விடுவதற்கென்று நிர்வாகக் குழு ஒரு மென்பொருளை வாங்கியது. அதுவரை ஒரு நீள நோட்டிலும் செயலாளரின் ஞாபகத்திலும் வாழ்ந்துவந்த முன்பதிவுகள் ஒரு கைப்பேசிக்குள் குடிபோயின. அந்தக் கைப்பேசி பிளாஸ்டிக் உறைக்குள் அக்காவின் கழுத்தில் தொங்கியது. மென்பொருள் நாளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஸ்லாட் என்று பெயர் வைத்தது. அன்றோடு அக்காவுக்கு வேறு பெயர் இல்லாமல் போயிற்று.

ஒரு நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை பெண்ணின் விரலில் மோதிரம் போட்டுக்கொண்டிருக்கும்போது மணி ஒன்றே முக்கால் ஆனது. மைக் அணைந்தது. மின்விசிறிகள் நின்றன.

"அக்கா, ஒரு நிமிசம்! மோதிரம் பாதி விரல் வரைக்கும் போயிட்டு!" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா அலறினார்.

"மீதியக் கேட்டுக்கு வெளிய வச்சுப் போடுங்க. டைம் கதம். பதினஞ்சு நிமிசம் பெருக்கணும், ரெண்டு மணிக்கு அடுத்த பார்ட்டி."

மணமக்கள் பாதி மோதிரத்தோடு வெளியேறியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதையாவது மன்னிக்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் அதை நடத்தியவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போட்டால்தான் அந்த ஸ்லாட் மூடப்படும் என்பது மென்பொருளின் விதி. ஓர் இரங்கல் கூட்டம் முடிந்து, கணவரை இழந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, அக்கா கைப்பேசியை நீட்டி, "எத்தன ஸ்டாரும்மா?" என்று கேட்டார். மனித குலத்தின் சார்பில் நான் கூசிப்போனேன். அந்த அம்மாளோ சற்று யோசித்து, "கடைசி ஃபேன் கடகடன்னு அடிச்சிட்டுல்லா, மூணு போட்டுக்கோ" என்றார்.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

ஞாயிறுதோறும் பத்து முதல் பன்னிரண்டு வரை, நான்காம் வகுப்பு அறையில், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவந்தேன். பதினோரு பேர். அவர்களில் மூத்தவர் டாக்சி ஓட்டும் செல்லத்துரை அண்ணன். ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்ததற்குத் தம் மகளே சிரித்துவிட்டாள் என்று வந்து சேர்ந்தவர். கட்டணம் இல்லை, சங்கம் இல்லை, கேட்டால் சாவி கிடைக்கும் என்பதே எங்கள் ஏற்பாடு. மென்பொருள் வந்த முதல் ஞாயிறன்று கதவு பூட்டியிருந்தது.

"புக்கிங் இல்ல."

"அக்கா, இரண்டு வருடமாக நடக்கிற வகுப்பு!"

"இதுல இல்லலா."

படிக்கட்டில் உட்கார்ந்து பாடத்தைத் தொடங்கினோம். "படிக்கட்டுக்கு ஸ்லாட்டே கெடையாது, எந்திரிங்க" என்று அங்கிருந்தும் கிளப்பினார்.

மென்பொருள் இரண்டு வகை மனிதர்களை மட்டுமே அறிந்திருந்தது. ஒன்று, பதிவுச் சான்றிதழ் உள்ள அமைப்பு. மற்றது, குடும்பம். பழைய மாணவர்களின் குடும்பங்களுக்கும் பணியாளர்களின் குடும்பங்களுக்கும் வகுப்பறை இலவசம். ஆனால் குடும்ப விசேஷத்துக்கு மட்டும். எழுத்தறிவு என்பது குடும்ப விசேஷங்களின் பட்டியலில் இல்லை. செயலாளருக்கு மூன்று மனுக்கள் எழுதினேன், ஒற்றுப்பிழை இல்லாமல். "அடுத்த அப்டேட்ல பார்க்கலாம்மா" என்று ஒரே பதிலை மூன்று முறை சொன்னார். ஒரு நாட்டின் கல்வி அடுத்த அப்டேட்டுக்காகக் காத்திருப்பதை நினைத்து எனக்கு இரவு உணவு இறங்கவில்லை.

அந்த வாரம் அக்கா என் கைப்பேசி எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கிடுதேன். நீ ஞாயித்துக்கெழம வா" என்றார்.

போனேன். கதவு திறந்திருந்தது. ஆனால் பள்ளி வாசலில், அன்றைய நிகழ்ச்சிகளைத் தானாகவே அறிவிக்கும் மின்பலகையில், சிவப்பு எழுத்துகள் ஊர்ந்துகொண்டிருந்தன: "செல்வி கோமதி – பெயர் சூட்டு விழா."

கோமதி என்பது நான். பெயர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சூட்டப்பட்டுவிட்டது.

"அக்கா, இது பொய்."

"லிஸ்டுல மொதல்ல இருந்தத அமுக்குனேன். ஏட்டி, உனக்கு ரூம்பு வேணுமா, உண்ம வேணுமா?"

பதினோரு பேர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் அறைக்குள் போனேன். அந்தக் கோழைத்தனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

முறைகேடு அதோடு முடியவில்லை. நல்ல முகூர்த்தங்களை யாரும் மொத்தமாகப் பிடித்துவைத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒருவர் பெயரில் ஒரே விசேஷத்தை ஒரே வருடத்தில் இரண்டாம் முறை பதிய மென்பொருள் அனுமதிக்காது. ஆகவே அக்கா பட்டியலில் ஒவ்வொரு வாரமும் ஒரு படி இறங்கினார். இரண்டாம் ஞாயிறு எனக்குக் காதுகுத்து. மூன்றாம் ஞாயிறு மஞ்சள் நீராட்டு. அன்று மாலையே செம்பூரிலிருந்து என் மாமா அம்மாவுக்குப் போன் செய்தார்.

"தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்குச் சொல்லாம புள்ளைக்குச் சடங்கா? சீரு யாரு செஞ்சா?"

"அண்ணே, அது பத்து வருசத்துக்கு முன்னாலயே முடிஞ்சிட்டு. நீங்கதான பச்சப்பட்டு எடுத்தீங்க!"

"அப்ப இது என்ன, ரெண்டாவது தடவையா?"

நான்காம் ஞாயிறு நிச்சயதார்த்தம். ஐந்தாம் ஞாயிறு கல்யாணம். ஆறாம் ஞாயிறு வளைகாப்பு. எங்கள் சந்தில் நான் நடந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்; எதிர்வீட்டம்மாள் மட்டும் நிறுத்தாமல், ஒரு டஜன் கண்ணாடி வளையலைக் கொடுத்தனுப்பினார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, ஒரு வரி படிச்சுக்குடுக்கதுக்கு இம்புட்டு மானம் போவணுமா?" என்று கேட்டார்.

கொடுமை என்னவென்றால், என் மாணவர்கள் அந்தப் பலகையைத்தான் பாடப்புத்தகமாக்கிக்கொண்டார்கள். செல்லத்துரை அண்ணன் வாசலில் நின்று, "வ… ளை… கா… ப்… பு. வளைகாப்பு! டீச்சர், படிச்சிட்டேன்!" என்று தெரு கேட்கக் கத்தினார். இரண்டு வருடத்தில் அவர் எழுத்துக்கூட்டி முடித்த முதல் நீளச் சொல் அது. என்னால் மகிழவும் முடியவில்லை, மறைந்துகொள்ளவும் முடியவில்லை.

ஏழாம் ஞாயிறு எனக்கு அறுபதாம் கல்யாணம். எட்டாம் ஞாயிறு பட்டியல் முடிந்தது. பலகையில் "அமரர் கோமதி – பதினாறாம் நாள்" என்று ஓடியது. அமரர் என்ற அடைமொழியை மென்பொருளே சேர்த்துக்கொண்டதாம்.

"அமரர்னா என்ன டீச்சர்?" என்று செல்லத்துரை அண்ணன் கேட்டார்.

கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கும்போது செயலாளர் கையில் ரோஜா மாலையோடு உள்ளே நுழைந்தார். மூன்று மனுக்களுக்கு வராத மனிதர் மாலையோடு வந்தார்! என்னைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க… இருக்கீங்களாம்மா?"

"பன்னெண்டு வரைக்கும் இருப்பா. உக்காருங்க சார்" என்றார் ஸ்லாட்டக்கா.

எட்டு வாரக் கதையையும் கேட்டு முடித்த செயலாளர், தம் கைப்பேசியில் வெகுநேரம் தேடினார். பிறகு, உண்மையான வருத்தத்தோடு, "இறந்தவங்க பேரை சிஸ்டம் மூடிடுதும்மா. திரும்ப உயிரோட கொண்டுவர ஆப்ஷன் இல்லை. அடுத்த அப்டேட்ல கேக்கறேன்" என்றார். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அறை போயிற்று. பதினோரு பேரும் நோட்டை மடித்துப் பைக்குள் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செல்லத்துரை அண்ணன் இன்னும் எழுத்துக்கூட்டுவதைக்கூடத் தாண்டவில்லை. அந்த நேரத்தில் அக்கா என் முன்னால் கைப்பேசியை நீட்டினார்.

"எத்தன ஸ்டாரு?"

ஒன்று போட்டேன். அதற்கும் குறைவாகப் போட வழியில்லை.

அடுத்த ஞாயிறு, வருகிறவர்களிடம் வகுப்பு இல்லை என்று நேரில் சொல்லி அனுப்புவதற்காகப் போனேன். வாசலில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். செல்லத்துரை அண்ணன் பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்.

"இ… ச… க்… கி… இசக்கி… ய… ம்… மா… ள். இசக்கியம்மாள். பெ… ய… ர்… பெயர் சூட்டு விழா. யாரு டீச்சர் இசக்கியம்மாள்?"

எனக்குத் தெரியவில்லை. அந்தப் பள்ளியில் பத்து ஆண்டுகள் படித்தவள் நான்.

"நாந்தான்" என்றார் ஸ்லாட்டக்கா, சாவியைத் திருப்பிக்கொண்டே. "பணியாளுக்கும் ரூம்பு இலவசந்தான? என் பேருல இதுவரைக்கும் ஒண்ணுமே போட்டதில்லலா. லிஸ்டு பூரா காலியாத்தான் கெடக்கு. எட்டு வாரம் ஓடும். என்னட்டி முழிக்க? மணி பத்து ஒண்ணு. ஒரு நிமிசம் போயிட்டு."

அன்று வகுப்பில் நான் எதைக் கற்பித்தேன் என்பது நினைவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவர் மின்விசிறியை நிறுத்தியது நினைவிருக்கிறது.

அந்த வரிசைப்படி ஐந்தாம் ஞாயிறு அவருக்குக் கல்யாணம். முதல் நாளே மாட்டுங்கா பூக்கடையில் சொல்லிவைத்து, அன்று காலை இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு ஒன்பதே முக்காலுக்குப் போய் நின்றேன். அக்கா கதவிடுக்கு வழியாக என்னையும் பூவையும் பார்த்தார்.

"பத்து மணிக்குத்தான் தொறப்பேன்."

கல்யாணப்பெண் சொல்லும்போது எதிர்த்துப் பேசலாமா? மல்லிகை வெயிலில் வாடாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, பத்து மணிவரை வெளியிலேயே நின்றேன்.