அப்பா நாற்காலியை நகர்த்திய மழைக்காலம்

“இன்னைலேர்ந்து இந்த வீட்டு அலங்காரத்துக்கு ஒரு பைசா செலவு கிடையாது!”

அப்பா இதை நாற்காலியில் சாய்ந்தபடியே அறிவித்தார். அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவருவது கஷ்டம். முதலில் லாரி ரிவர்ஸ் எடுப்பது மாதிரி தொண்டையில் ஒரு உறுமல். அப்புறம் வார்த்தைக்கு வார்த்தை ஒரு பிரேக். எனக்கு அது அச்சு அசலாக வரும். போனில் அந்தக் குரலை வைத்துப் பள்ளிக்கூடத்தில் லீவே வாங்கியிருக்கிறேன்.

அம்மா கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு அத்தை பருவத்துக்குப் பருவம் திரைச்சீலை மாற்றுவார், குஷன் உறை மாற்றுவார், கால்மிதிக்குக்கூடப் புது டிரஸ் எடுப்பார். நம் ஹாலையும் கொஞ்சம் மாற்றலாமே என்றாள் அம்மா. கூடவே ஒன்று சேர்த்துக்கொண்டாள்.

“அப்படியே என் மிஷினை ஜன்னலோரம் போட்டுக்கறேங்க.”

அங்கேதான் வினை. எங்கள் வீட்டில் ஒழுங்காக வெளிச்சம் வரும் ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் அடியில் அப்பாவின் நாற்காலி. நான் பிறப்பதற்கு முன்பே அது அங்கே பிறந்துவிட்டது. அம்மாவின் தையல் மிஷினோ பாத்ரூமுக்குப் போகும் நடையில், ஒரு அழுமூஞ்சி பல்புக்குக் கீழே. போன வாரம் அந்த இருட்டில் கருநீல யூனிஃபார்முக்குக் கறுப்பு நூல் போட்டுத் தைத்துவிட்டாள். யூனிஃபார்ம் கடைக்காரர் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மூக்கால் பேசுகிறவர். “இங்ஙொரு தடவை இப்படி வங்ஙா, ங்ஙா வேற ஆளைப் பாத்துக்கறேங்க்கா!”

அதாவது, ஜன்னல் கிடைக்காவிட்டால் அம்மாவின் வேலை போய்விடும்.

“நாற்காலி நகராது” என்றார் அப்பா. “ஹால் மட்டும் மாறும். எங்க கிடங்குல சீசன் மாறினா புதுசா வாங்கறோமா? இருக்கறதையே இடம் மாத்தறோம். குடை முன்னால. டேபிள் ஃபேன் பின்னால. முடிஞ்சுது!”

அப்பா கிடங்கு சூப்பர்வைசர். அவர் கண்ணுக்கு உலகமே மூட்டைதான். நானும் ஒரு சின்ன மூட்டை.

“யாரு மாத்தறது?” என்றாள் அம்மா.

“நான்தான். நான் வச்சது வச்ச இடத்துல இருக்கணும். சீசன் முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. நான் உட்பட!”

“நீங்க உட்படவா?”

“சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்.”

“சரிங்க.”

அம்மா வெறும் ‘சரிங்க’ சொல்கிற ஆளே இல்லை. ‘சரிங்க, ஆனா’ என்பாள். ‘சரிங்க, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது’ என்பாள். மொட்டையாக ஒரு ‘சரிங்க’ வந்தால், யாரோ தொலைந்தார் என்று அர்த்தம்.

அப்பாவுக்கு அது புரியவில்லை. நேரே கேட்டுக்குப் போய் எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டார். மாமா பேங்க் மேனேஜர். அவர் சொன்னால் அப்பா மேகத்தைக்கூட மழை என்று நம்புவார்.

“சார்! ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வீட்டம்மாவோட வாங்க. காசே இல்லாம மழைக்கால ஹால் எப்படி இருக்கும்னு காட்டறேன்!”

“ம்க்கும்” என்றார் மாமா. அவர் ‘ம்க்கும்’ இல்லாமல் வாயைத் திறக்கமாட்டார். “ம்க்கும். பாப்போம் சார், பாப்போம்.”

ஞாயிற்றுக்கிழமை அப்பா களத்தில் இறங்கினார். சோபா வடக்கே போனது. அலமாரி தெற்கே போனது. சோபாவுக்கு வடக்கு பிடிக்கவில்லை, திரும்பி வந்தது. குடைகளையெல்லாம் படம் மாட்டுவது போலச் சுவரில் மாட்டினார். ரெயின்கோட்டைக் கதவோரம் நிற்கவைத்தார். சிலிண்டர் போட வந்தவர் அதற்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நாற்காலி மட்டும் அசையவில்லை. வேலையெல்லாம் முடித்து, அப்பா அதில் தொப்பென்று விழுந்தார்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் கையில் கொடுத்தாள்.

“வாலு, ஜன்னலுக்கு வெளிய இருக்கற செடிக்கெல்லாம் தண்ணி அடிச்சுட்டு வாடி.”

“மழை வரப்போகுதேம்மா?”

“வரப்போகுதுதான். இன்னும் வரலையே.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குப் படிக்கத் தெரியும். பாடப் புத்தகம்தான் படிக்க வராது.

வெளியே போய் ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டேன். வானம் மூட்டமாக இருந்தது, ஒரு சொட்டு இல்லை. பாட்டிலை மேலே தூக்கினேன். செடிக்கு ஒரு தடவை. ஜன்னலுக்கு எட்டுத் தடவை.

“அடேயப்பா! சாரல்!” என்று உள்ளே அப்பா துள்ளினார்.

“அச்சச்சோ, நாற்காலி ரெக்சின் ஊறிப் போயிடுமேங்க” என்றாள் அம்மா. தேன் குரல். “போன வருஷம் செருப்பு ஸ்டாண்டுல பூஞ்சை பிடிச்சுதே, அந்த மாதிரி.”

“ஜன்னலைச் சாத்திடறேன்.”

ஐயோ! சாத்தினால் காரியம் கெட்டதே! நான் தொண்டையைச் செருமினேன்.

“ம்க்கும்! சார்! இந்த வருஷம் சாரல் உங்க பக்கம்தான் சார் அடிக்கும். கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியா வரும். ம்க்கும்! நாற்காலியைக் காப்பாத்துங்க!”

உள்ளே அப்பா குரல் எகிறியது.

“கேட்டியா? பேங்க்காரர் சொல்றார். எடு, எடு, நாற்காலியைப் பிடி!”

நாற்காலிக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் கேட்டதில்லை. பின்னாலேயே மிஷினின் சக்கரம் கடகடவென்று உருண்டுவந்தது. நான் செடிகளுக்கு நடுவே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். செடியும் ஆடியது.

உள்ளே போனபோது ஹால் வேறு ஹாலாக இருந்தது. ஜன்னலடியில் மிஷின். கருநீலத் துணி அதிலிருந்து அருவி மாதிரி வழிந்தது. மிச்சத் துண்டுகளை ஒட்டி அம்மா தைத்துவைத்திருந்த திரை ஜன்னலில் தொங்கியது. எப்போது தைத்தாளோ!

எதிர்வீட்டு மாமாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை இழுத்து இழுத்துப் பேசுவார். “அய்ய்ய்யோ, எவ்வ்வளவு அழகு! இந்த ஜன்னல் மூலைதாங்க ஹாலுக்கே உயிர்ர்ர்!”

அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். “எல்லாம் நம்ம ஐடியாதாம்மா. மிஷின் ஜன்னலோரம் இருக்கணும்னு நான் முன்னாலேயே முடிவு பண்ணிட்டேன். சீசன் முடியற வரைக்கும் இம்மி நகராது!” அப்புறம் மாமா பக்கம் திரும்பினார். “ஆனா சார், சாரல் பத்தி நீங்க சரியான நேரத்துல சொன்னீங்க.”

நான் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“நானா?” என்றார் மாமா.

“நீங்கதானே சார்! ஜன்னலுக்கு வெளிய நின்னு!”

மாமா யோசித்தார். அம்மா டீ டம்ளரோடு அப்படியே நின்றாள். மாமா மீசையைத் தடவினார்.

“ம்க்கும். ஆமாமா, நான்தான் சொன்னேன். நான் சொன்னா என்னைக்கு சார் தப்பாயிருக்கு?”

அம்மா டீயை நீட்டினாள். மாமாவுக்கு மட்டும் இரண்டு பிஸ்கட் கூடுதல்.

அவர்கள் போனதும் மேகம் விலகி, சாயங்கால வெயில் பளீரென்று அடித்தது. அப்பா ஜன்னல் திட்டைத் தடவிப் பார்த்தார். எட்டி வாசலைப் பார்த்தார்.

“ரோடெல்லாம் காஞ்சு கிடக்கே! அப்ப அந்தச் சாரல்?”

“உங்க அதிர்ஷ்டம், நமக்கு மட்டும் அடிச்சுருக்கு.”

“இல்ல... நாற்காலியைத் திரும்ப...”

“யாரும் கை வைக்கக் கூடாதுங்க. நீங்க உட்பட. அத்தனை பேர் முன்னாடி வேற சொல்லிட்டீங்க.”

அப்பா தலை கவிழ்ந்து உள்ளே போய்விட்டார்.

அம்மா மிஷினில் உட்கார்ந்தாள். நீலத் துணியையும் நீல நூலையும் வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நீலம். மிஷின் ஓட ஆரம்பித்தது. ரயில் கிளம்பியது மாதிரி ஒரு ஓட்டம்! என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். நான் வெற்றி நடனம் ஆடிக்கொண்டே என் அறைக்குள் நுழைந்தேன்.

என் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே நாற்காலி. அதில் அப்பா.

“அம்மா! இது எப்பம்மா இங்க வந்துச்சு?”

“நீ செடிக்குத் தண்ணி அடிச்சிட்டு இருந்தப்போதான்டி” என்று ஹாலிலிருந்து பதில் வந்தது. “ரொம்ப நாளா உன்னைப் பக்கத்துல உட்கார்ந்து பாத்துக்க ஆள் தேடிட்டிருந்தேன்.”

அப்பா தொண்டையில் லாரி ரிவர்ஸ் எடுத்தது. என் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார்.

“உட்காரு. இந்த மழைக்காலம் முடியறதுக்குள்ள இதை முடிச்சுடலாம்.”