ஸ்டிக்கர் உரித்த ஞாயிற்றுக்கிழமை

கையால் தொட்டுக்கூடப் பார்க்காத பொருளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. (என் மனைவி மலர் இதையே வேறு வார்த்தைகளில் சொல்வாள்.)

கல்யாணமான புதிது. கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் மலர் ஆசிரியை. கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தபடியே முனைவர் பட்டத்துக்கும் படித்தாள். படிக்க வேண்டியதெல்லாம் ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள். போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி ஊரும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இடமும் வலமும் தள்ள வேண்டும். தலைவலியோடுதான் வீடு திரும்புவாள்.

"பேசாம படிப்ப வுட்டுடலாம்னு இருக்குதுங்க" என்றாள் ஒருநாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணைக் கூசவைக்காமல், காகிதம் மாதிரியே இருக்கும் இ-இங்க் ரீடர் என்ற மின்புத்தகக் கருவியைத் தேடி ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆறு இஞ்ச், எட்டு, பத்து என்று அட்டையில் வெட்டி அவளுடைய புத்தகப் பக்கம் ஒன்றை அச்செடுத்து அதன் மேல் வைத்து அளந்தேன். (மிச்சமிருந்த எங்கள் கல்யாணப் பத்திரிகைகள் இப்படித்தான் ஒழிந்தன.) முழுப் பக்கமும் அப்படியே தெரிய பதிமூன்று இஞ்ச்தான் சரி என்று தீர்ப்புச் சொன்னேன். "கரண்டே இல்லாட்டியும் எழுத்து அப்படியே நிக்கும் மலர்" என்று தினமும் பாடம் வேறு நடத்தினேன்.

பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, கச்சிராயபாளையத்திலிருந்து மலரின் அண்ணனும் வந்திருந்தார்.

"இன்னா மாப்ள, ஸ்லேட்டா?"

"பாருங்க மச்சான்" என்று கெத்தாகப் பிரித்தேன். திரையில் ஒரு படம், கீழே நாலு வரி. இன்னும் ஸ்விட்சே போடவில்லை. ஆகவே அது ஸ்டிக்கர் என்று முடிவு செய்தேன். நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. சமையலறைக் கத்தியை எடுத்துவந்தேன்.

"பாத்து மாப்ள, கரும்பு சீவற மாரி சீவறீங்க!"

மலர் ஈரக் கையோடு ஓடிவந்தாள். "இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க?"

"ஸ்டிக்கர் உரிக்கிறேன்."

"கரண்டே இல்லாட்டியும் எழுத்து நிக்கும்னு நீங்கதான சொன்னீங்க?" என்று அவள் ஓரத்திலிருந்த பட்டனை அழுத்தினாள். ஸ்டிக்கர் தானாகவே மறைந்தது. நான் போட்ட கீறல் மட்டும் மறையவில்லை.

மச்சான் வயலில் வேலை இருப்பதாகச் சொல்லி, சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மலர் ரீடரில் தன் புத்தகத்தை ஏற்றித் திறந்தாள்.

"முழுப் பக்கமும் தெரியுதுங்க" என்றாள் மெதுவாக. "கோடு ஓரத்துலதான் வுழுது. எழுத்து மேல படல, பாருங்க."

அன்று சாயங்காலம்வரை படித்தாள். ஒருதடவைகூடத் தலையைப் பிடித்துக்கொள்ளவில்லை. சமையல் நான்தான். (கத்தி முனை மழுங்கியிருந்தது.)

படிப்பை முடித்து முனைவரானாள். அதற்கடுத்த வருடம் மகள் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் குழந்தையை என்னிடம் நீட்டியபோது மச்சான் குறுக்கே பாய்ந்தார்: "மாப்ள கையில குடுக்காதீங்கம்மா, உரிச்சிப் பாப்பாரு!"

இன்றுவரை வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் பிரிப்பது மலர்தான். அது முடியும்வரை என் இரண்டு கைகளையும் மகள் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.