நகரும் கட்டி

கையைத் தொங்கவிட்டால் தெரியவில்லை. தூக்கினால் சட்டை மேலே ஏறி, இடுப்பில் துப்பாக்கி அப்பட்டமாகப் புடைத்துக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் டெல்மர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதும் தெரிந்தது.

மேற்கு டெக்சஸின் மாட்டுப் பண்ணைகளில் தண்ணீர் பம்பு பழுதுபார்க்கிறவர் அவர். போன மாதம் ஆளில்லாத சாலையில் இரண்டு தடியன்கள் வண்டியை மறித்து ஸ்பேனர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து, வெறுங்கையோடு வெளியே கிளம்ப அவருக்கு மனசு வரவில்லை. துப்பாக்கி வைத்திருப்பதற்கு அந்த ஊரில் யாரும் வெட்கப்படுவதில்லை. ஆனால் நடீனுக்குத் தெரியக்கூடாது.

நடீன் தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறவர். மறு கன்னத்தைக் காட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். அவரும் தனி, டெல்மரும் தனி. அவரை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்து நினைத்து, ஒவ்வொரு ஞாயிறும் "வெயில் ஜாஸ்தி, இல்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு டெல்மர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

அன்று தேவாலயத்தில் பாட்டுக்குக் கையைத் தூக்காமல் சமாளித்தார். வாசலில் நடீனைப் பார்த்ததும் தன்னையறியாமல் கையைத் தூக்கி ஆட்டிவிட்டார்.

"என்ன டெல்மர், இடுப்புல புடைப்பா இருக்கு? கட்டி கிட்டியா?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். யாரோ ரெடிமேடாக ஒரு பொய்யைக் கையில் கொடுத்தால் விடுவாரா?

"ஆமா... லேசா... கட்டி மாதிரிதான்."

"ஐயய்யோ! கவனிக்கக்கூட ஆளில்லாம இருக்கீங்களே. சாயங்காலம் கோழி சமைச்சு எடுத்துட்டு வர்றேன்."

வந்தார். கோழி அருமையாக இருந்தது. நடீன் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுப் போன பிறகுதான் டெல்மருக்கு நெஞ்சு உறுத்தியது.

மறுநாள் துப்பாக்கிக் கடை ராய்ஸிடம் ஓடினார்.

"பக்கவாட்டுல வச்சா தெரியத்தான்டா செய்யும். முன்னாடி தள்ளி, தொப்புளுக்குக் கீழ சொருகு."

சொருகினார். அடுத்த ஞாயிறு நடீன் வாயில் கை வைத்தார்.

"டெல்மர்! கட்டி முன்னாடி வந்துருச்சே!"

"ஆமா. நகருது."

"நகருதா?"

சொன்னவருக்கே அது பகீரென்றது. அன்று கோழியோடு பீச் பழ இனிப்பும் வந்தது.

"குனியவே முடியலடா ராய்ஸ்! வயித்தக் குத்துது."

"அப்ப சின்ன ரிவால்வரா தர்றேன். கணுக்கால்ல கட்டிக்கோ. கடவுளுக்கே தெரியாது."

கடவுளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, நொண்டிய நடை ஊருக்கே தெரிந்தது.

"காலுக்கு இறங்கிடுச்சா!" என்றார் நடீன். அந்த வாரம் பாஸ்டர், "நகரும் கட்டியோடு போராடும் நம் சகோதரர் டெல்மருக்காக ஜெபிப்போம்" என்றார். குனிந்த தலைகளுக்குக் கீழே பல தோள்கள் குலுங்கின. தனக்காக இத்தனை பேர் அழுகிறார்களே என்று டெல்மர் கூனிக்குறுகிப் போனார்.

"துப்பாக்கியே வேணாம் சாமி! மிளகாய் ஸ்பிரே குடு, போதும்."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று மாலை நடீன் நீட்டிய சூப் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்து வாங்கியபோது, பைக்குள் 'புஸ்' என்றது. டெல்மர் கண்ணிலும் மூக்கிலும் கொட்ட ஆரம்பித்தது. எதிரே நின்ற நடீனுக்கும் கொட்டியது.

"அழாதீங்க டெல்மர்," என்று தேம்பினார் நடீன். "நாளைக்கே டவுனுக்குப் போறோம். பெரிய டாக்டரப் பாக்குறோம். நானே கார் ஓட்டுறேன்."

காலையில் போகிற வழியில் மேவிஸின் காபிக் கடையில் வண்டி நின்றது. மேவிஸ் டெல்மரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். வைத்த காபி அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. டாக்டர் வந்து சட்டையைக் கழற்றச் சொல்லும் காட்சி டெல்மர் கண்ணுக்குள் ஓடியது. இதற்குமேல் தாங்காது.

"நடீன், எனக்குக் கட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல. அது துப்பாக்கி. இடுப்புலயும் அதுதான், கால்லயும் அதுதான். நேத்து வந்தது மிளகாய்."

நடீன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இனிமே நீங்க என் வீட்டுப் பக்கமே வரமாட்டீங்க, தெரியும். உண்மையச் சொல்லாம இருந்ததுக்குப் பயம் மட்டும் காரணமில்ல. நீங்க வந்த சாயங்காலம்தான் எனக்கு அது வீடு மாதிரி இருந்துச்சு. அது நின்னுடுமேன்னுதான்..."

நடீன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். "முகம் கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

டெல்மர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் போச்சு. இனி ஞாயிற்றுக்கிழமை வெயிலைப் பற்றிப் பேசக்கூட ஆளில்லை. மேவிஸ் வந்து ஆறிய காபியை எடுத்துவிட்டுச் சூடாக ஒன்றை வைத்தார்.

"யோவ் டெல்மர், இந்த ஊர்ல இடுப்பு புடைச்சிருந்தா கட்டின்னு எந்தக் கிறுக்கன்யா நினைப்பான்? என் ஏப்ரனுக்குள்ள ஒண்ணு இருக்கு, நடீன் கைப்பையில உன்னோடத விடப் பெருசா ஒண்ணு இருக்கு. ரெண்டு வருஷமா வெயிலப் பத்தியே பேசிட்டுப் போற ஆளு வீட்டுக்குள்ள நுழைய அவளுக்கும் ஒரு சாக்கு வேணாமா?"